‘வாட்டர் வாஸ் அக்யூமுலேட்டட்’ – இதில் என்ன தப்பு?

செம்பூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மும்பையில் ஒரு ஹவுசிங் சொசைட்டி ஆபீஸில் கிளார்க் வேலை. படித்தது திருநெல்வேலிப் பக்கம், தமிழ் மீடியம். இங்கிலீஷில் லெட்டர் எழுதச் சொன்னால்தான் கை நடுங்கும். போன வாரம் பெய்த மழையில் எங்கள் கேட் முன்னால் முழங்கால் அளவு தண்ணீர். வார்டு ஆபீஸுக்குப் புகார் எழுதச் சொன்னார்கள். கேட் பக்கத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது என்ற அர்த்தத்தில் “ரெயின் வாட்டர் வாஸ் அக்யூமுலேட்டட் நியர் அவர் கேட்” என்று எழுதினேன்.

செக்ரட்டரி படித்துவிட்டு, “யார் அக்யூமுலேட் பண்ணினது? நாமளா?” என்று சிரித்தார். தண்ணீரைத் தேங்க விட்டால் கொசு வளர்த்ததாக நோட்டீஸ் வருகிற ஊர் இது. நாமே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறதாம். ‘வாஸ்’ஸை எடு என்றார், எடுத்துவிட்டேன். ஆனால் ஏன் என்று புரியவில்லை. தண்ணீருக்கு உயிரா இருக்கிறது, அது தானாக ஒன்றைச் செய்ய? உயிரில்லாத பொருள் என்றாலே ‘வாஸ்’ போட வேண்டும் என்றுதான் எனக்குப் பதிந்து போயிருக்கிறது.

மாதுங்கா மாமா:
விடை உன் தமிழிலேயே இருக்கிறது அம்மா. தண்ணீர் தேங்கியது, தண்ணீரைத் தேக்கினார்கள். பணம் சேர்ந்தது, பணம் சேர்த்தான். நெல் குவிந்தது, நெல்லைக் குவித்தான். கூட்டம் திரண்டது, கூட்டத்தைத் திரட்டினான். தானாக நடந்தால் ஒன்று, ஒருவர் செய்தால் இன்னொன்று. ஓரெழுத்து மாறினாலே நமக்குத் தெரிந்துவிடும்.

அக்யூமுலேட் அப்படி மாறாது. இரண்டு வேலையையும் அந்த ஒரே சொல் பார்க்கிறது. “டஸ்ட் அக்யூமுலேட்டட் ஆன் தி ஃபேன்” என்றால் தூசி சேர்ந்தது. “ஹீ அக்யூமுலேட்டட் டெட்ஸ்” என்றால் கடனைச் சேர்த்தான். நீ ‘வாஸ்’ போட்டதும் அது ‘தேக்கப்பட்டது’ ஆகிவிட்டது. உடனே தேக்கினவன் யார் என்று கேட்கத் தோன்றும். உங்கள் செக்ரட்டரி கேட்டது அதைத்தான்.

உயிர் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணாடிக்கு உயிர் இல்லை, ஆனாலும் “தி கிளாஸ் புரோக்”, கண்ணாடி உடைந்தது. எழுதும் முன் மனசுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார். ‘தேங்கியது’ என்று வந்தால் வாஸ் வேண்டாம்.

தாராவி தம்பி:
மாமா சொன்னது இந்த ஊர் பாஷைகளிலும் இருக்கிறது அக்கா. மராத்தியில் ‘பாணி சாச்லம்’ என்றால் தேங்கியது, ‘பாணி சாட்டவ்லம்’ என்றால் பிடித்து வைத்தது. இந்தியில் ஜமா ஹுவா, ஜமா கியா. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அந்தத் தண்ணீருக்கு ‘வாஸ் அக்யூமுலேட்டட்’ போட்டால் வருண பகவான்மேலேயே கேஸ் போட வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்னத் திருத்தம். அக்யூமுலேட்டுக்கு ‘வாஸ்’ஸே ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். “தி ஃபண்ட் வாஸ் அக்யூமுலேட்டட் ஓவர் டென் இயர்ஸ்” சரியான வாக்கியம். அங்கே உண்மையிலேயே யாரோ உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்கள். பேலன்ஸ் ஷீட்டில் ‘அக்யூமுலேட்டட் டிப்ரிசியேஷன்’ என்று வருகிறதே, அதுவும் சரி, ஆனால் அது வேறு கதை. பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்பது, ‘சேர்ந்த தேய்மானம்’. அதே மாதிரி உங்கள் லெட்டரில் ‘அக்யூமுலேட்டட் வாட்டர்’ என்று தாராளமாக எழுதலாம். தேங்கிய தண்ணீர், அவ்வளவுதான்.

வட்டி, லீவு மாதிரி கணக்குப்படி நம் பேரில் ஏறிக்கொண்டே வருவதற்கு ‘அக்ரூ’ பொருத்தம். ஆட்கள் கூடினால் ‘கேதர்’. மீட்டிங்குக்கு மெம்பர்கள் அக்யூமுலேட் ஆனார்கள் என்று எழுதிவிடாதீர்கள், குப்பை சேர்ந்த மாதிரி இருக்கும். ஸ்பெல்லிங்கில் இரண்டு சி, ஒரே எம். அக்காமடேஷனில் இரண்டு எம் இருப்பதால் இங்கேயும் கை தானாக இன்னொன்றைப் போட்டுவிடும். எனக்கு இருபது வருஷமாக அந்தச் சண்டைதான்.

செம்பூர்க்காரி:
மாமா, தேங்கியது–தேக்கியது புரிந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் செக்ரட்டரி கடைசியில் தன் கையாலேயே இப்படித் திருத்தினார்: “ரெயின் வாட்டர் ஹேஸ் பீன் அக்யூமுலேட்டிங் நியர் அவர் கேட் சின்ஸ் ஜூன்.” இதில் ‘பீன்’ வருகிறதே! மறுபடியும் நாம் தேக்கினதாக ஆகாதா?

மாதுங்கா மாமா:
ஆகாது. ‘பீன்’னுக்கு அப்புறம் வருகிற சொல்லின் வாலைப் பார். ‘அக்யூமுலேட்டட்’ என்று முடிந்தால் தேக்கப்பட்டது. ‘அக்யூமுலேட்டிங்’ என்று முடிந்தால் தேங்கிக்கொண்டே இருக்கிறது. ஜூனில் ஆரம்பித்தது இன்னும் நின்றபாடில்லை என்று அந்த ‘சின்ஸ்’ சொல்கிறது. புகாருக்கு அதுதான் பலம். உன் பழைய வாக்கியத்தில் ‘வாஸ்’ஸை மட்டும் எடுத்திருந்தால், ஒரு நாள் தேங்கியது, வடிந்தும் போயிருக்கலாம் என்று தோன்றும். செக்ரட்டரி விவரமானவர்தான்.

செம்பூர்க்காரி:
லெட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது மாமா, ரிசீவ்டு சீல் வாங்கிவிட்டேன். தண்ணீர்தான் இன்னும் அக்யூமுலேட்டிங். காலையில்கூட செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்டைத் தாண்டினேன்.