சொந்த வேனில் தங்கிக்கொண்டு ஹோஸ்ட்களிடம் வேலை: எத்தனை மணி நேரம் நியாயம்?

தடம்பதி:
வணக்கம். நானும் என் கணவரும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, பேட்டரி எல்லாம் போட்டு முடித்துவிட்டோம். வழியில் ஆங்காங்கே ஹோஸ்ட்களுக்கு, அதாவது சாப்பாடும் இடமும் தந்து பதிலுக்கு வேலை கேட்கும் வீட்டுக்காரர்களுக்கு, வேலை செய்துகொண்டே போகலாம் என்று, அப்படிப்பட்டவர்களைத் தேடித் தரும் தளங்களான வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ், வூஃப் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "சாப்பாடும் படுக்கையும் தருகிறோம், தினமும் 5 மணி நேரம் வேலை" என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. எங்களுக்குப் படுக்கை வேண்டாமே, வண்டி நிறுத்த இடம் போதும். அதைச் சொல்லி நேரத்தைக் குறைத்துக் கேட்கலாமா? கேட்டால் முகம் சுளிப்பார்களா? சில நாள் மதியத்துக்கு மேல் நான் லேப்டாப்பில் என் சொந்த வேலையையும் பார்த்தாக வேண்டும்.

எல்லைக்கோடு:
மணிக்கணக்கு இருக்கட்டும், முதலில் விசாவைப் பாருங்கள். சம்பளம் கைமாறாவிட்டாலும், சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் பதிலாக உழைப்பதைப் பல நாடுகள் வேலை என்றுதான் எடுத்துக்கொள்கின்றன. நியூசிலாந்து அப்படித்தான், சுற்றுலா விசாவில் போய் இதைச் செய்ய முடியாது, வேலைக்கு அனுமதி தரும் விசா வேண்டும். ஆஸ்திரேலியாவில் இன்னொரு சிக்கல். ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய இளைஞர்களுக்குத் தரும் ஒர்க்கிங் ஹாலிடே விசாவை இரண்டாம் ஆண்டுக்கு வாங்கக் காட்டும் 88 நாள் வேலைக் கணக்கில், 2015 டிசம்பர் முதல் சம்பளமில்லாத வேலை சேராது. ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய நாடுகளின் கூட்டம்) என்றால் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். "இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்" என்று ஹோஸ்ட் சொல்வார். எல்லையில் நிற்கப்போவது அவர் இல்லை.

மண்வெட்டி:
தோழி, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பேரத்தைப் படுக்கையில் ஆரம்பிக்காதீர்கள். படுக்கை பல ஹோஸ்ட்களுக்குச் செலவே இல்லை, சும்மா கிடக்கும் அறைதான். அவர்களுக்குக் கை கடிப்பது சாப்பாடும், பக்கத்தில் நின்று வேலை சொல்லிக்கொடுக்கும் நேரமும். அதனால் நான் சாப்பாட்டை வைத்துத்தான் பேசுவேன். அவர்களோடு மூன்று வேளையும் சாப்பிட்டால் வழக்கமான 5 மணி நேரம், வாரத்தில் 5 நாள். வேனிலேயே சமைத்துக்கொண்டு இடம், கரண்ட், தண்ணீர், குளியலறை, வாஷிங் மெஷின் மட்டும் பயன்படுத்திக்கொண்டால் ஆளுக்கு தினம் 2 மணி நேரம். இது எந்தத் தளத்தின் விதியும் இல்லை, நான் வைத்துக்கொண்ட அளவு. ஆனால் இப்படிப் பிரித்து எழுதியதும் பெரும்பாலானவர்கள் சரி என்றுவிடுகிறார்கள்.

வூஃப் ஹோஸ்ட்களிடம் மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். 1971-ல் லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ காப்பார்ட் என்ற பெண்மணி, நகரத்து ஆட்களை வாரக் கடைசியில் சசெக்ஸில் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனதில் ஆரம்பித்தது அது. இயற்கை விவசாயத்தைக் கூட இருந்து கற்றுக்கொள்வதுதான் அதன் உயிர். அங்கே போய், "நாங்கள் வேனிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம்" என்றால் அவர்கள் மனம் சுருங்கிவிடும். மற்ற தளங்களில் பெயின்ட் அடிப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, விடுதி வரவேற்பறை என்று எல்லாம் இருக்கும். அங்கே கணக்காகப் பேசினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேனில் இருப்பவர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. நம் வீடே அவர்கள் முற்றத்தில் நிற்கிறதே! ஒரு இடத்தில் ஹோஸ்ட் பெரியவர் தினமும் இரவு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, வேனின் இழுவைக் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். கையில் ஒரு காபிக் கோப்பை, எனக்குத்தான். அதை நீட்டிக்கொண்டே, "ஒரு சின்ன வேலை, பத்து நிமிஷம்." ஆட்டுப் பட்டியின் கொக்கியைச் சரிசெய்யப் போனால் வேலியே சாய்ந்து கிடக்கும். நல்ல மனிதர்தான், அவருடைய பத்து நிமிஷம்தான் பொல்லாதது. அதன் பிறகு எங்கே போனாலும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: இழுவைக் கதவு திறந்திருந்தால் வாருங்கள், மூடியிருந்தால் காலையில் பேசலாம். உங்கள் லேப்டாப் நாட்களையும் இதே மாதிரி முன்கூட்டியே கிழமை போட்டுச் சொல்லுங்கள். "சில நாள்" என்றால் ஒரு நாளும் கிடைக்காது.

அப்புறம், முதல் 3 நாளைச் சோதனை நாள் என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளுங்கள். டீசல் டேங்க் காலியாக எங்கேயும் போய் நிற்காதீர்கள். ஒத்துவராத இடத்திலிருந்து அன்றைக்கே கிளம்ப முடிவதுதான் வேன் வைத்திருப்பதன் பெரிய லாபம். அறையில் தங்குகிற தன்னார்வலர்களுக்கு அந்த வசதி கிடையாது.

தடம்பதி:
மிக்க நன்றி அண்ணா. கதவு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கூரையில் 100 வாட் சோலார் ஒன்றுதான் இருக்கிறது. ஹோஸ்ட் வீட்டில் கரண்ட் எடுத்துக்கொள்ளலாமா? கேசட் டாய்லெட்டை (கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுத்துப்போய்க் கொட்டும் வகை) எங்கே காலி செய்வது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

மண்வெட்டி:
நல்ல வெயிலில் அந்த பேனல் நாளுக்கு ஏறக்குறைய 400 வாட்-மணி மின்சாரம் தரும். லேப்டாப், விளக்கு, போனுக்குப் போதும். மேகம் கவிந்த வாரத்தில் போதாது. கரண்ட் கேளுங்கள், ஆனால் ஹீட்டர் போடுவீர்களா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய கொட்டகை வயரிங் தாங்காமல் ட்ரிப் ஆகும், இருட்டில் ஃபியூஸ் பெட்டியைத் தேடுவது ஹோஸ்டுக்கு வேடிக்கையாக இருக்காது. நீட்டிப்பு வயர் 25 மீட்டர் இருந்து உங்களுக்கு 5 மீட்டர்தான் தேவை என்றாலும், சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்த வயரில் அதிக கரண்ட் போனால் சூடேறி உருகும்.

டாய்லெட் விஷயத்தைக் கூச்சப்படாமல் முதல் கடிதத்திலேயே கேளுங்கள். பல பண்ணை வீடுகளில் செப்டிக் டேங்க்தான். ஃபார்மால்டிஹைட் என்ற ரசாயனம் கலந்த டாய்லெட் திரவத்தை அதில் ஊற்றினால், உள்ளே கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். அது இல்லாத வகை கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி, டப்பாவைக் காட்டிக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

கிணற்றடி:
நான் மறுபக்கம், ஹோஸ்ட். வேன்காரர்களை எனக்குப் பிடிக்கும், படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை மிச்சம். ஆனால் எல்லாரும் வேனின் உட்புறத்தைத்தான் படம் பிடித்து அனுப்புகிறார்கள், திரைச்சீலையும் தொட்டிச் செடியுமாக. எனக்கு வேண்டியது நீளம், உயரம், எடை. போன மழைக்கு வந்த ஒரு ஜோடி, சொல்லச் சொல்லக் கேட்காமல் மரத்தடி அழகாக இருக்கிறது என்று புல்லில் ஏற்றி நிறுத்தினார்கள். மறுநாள் பின் சக்கரம் அச்சு வரைக்கும் உள்ளே. டிராக்டர் வைத்து இழுத்தோம், அந்தப் பள்ளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. கெட்டித் தரை எங்கே என்று கேளுங்கள், நாங்களே காட்டுவோம்.

மண்வெட்டி சொன்ன 2 மணி நேரக் கணக்கு எனக்குச் சம்மதம். ஆனால் அதைத் துண்டு துண்டாகத் தராதீர்கள். தினம் 2 மணி நேரத்தில் கருவிகளை எடுத்து வைக்கவே நேரம் போய்விடும். இரண்டு காலைப்பொழுதாகச் சேர்த்துத் தந்தால் வேலி வேலை முடியும், உங்களுக்கும் முழு நாட்கள் மிஞ்சும்.

எங்கள் வாசல் கேட் எவ்வளவு அகலம் என்று கேட்டால் அளந்து அனுப்புவேன். நீங்கள் வண்டியின் அகலத்தைப் பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து அளந்து சொல்லுங்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி இல்லாத அகலம்.