பாடசாலை முற்றத்துக்கு இன்டர்லொக் கல்லா, மரமா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்புப் பக்கம் ஒரு பாடசாலை, பெயர் வேண்டாம். முன்முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிக்கப் பழைய மாணவர் சங்கம் பணம் சேர்க்கிறது. அதற்காக இரண்டு வேம்பையும் ஒரு பூவரசையும் தறிக்கப் போகிறார்களாம். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் நிழல் இல்லாத கல்லில் பிள்ளைகள் நிற்பதா? கல்லில் ஏறிய சூடு பக்கத்து வகுப்பறைக்கும் வரும், மேலே தகரக் கூரை வேறு. 2024 தொடக்கத்தில் வெப்பம் கூடியபோது பிள்ளைகளை வெளியில் ஓடவிட வேண்டாமென்று கல்வி அமைச்சே அறிவுறுத்தியது. நாங்கள் நிழலை வெட்டுகிறோம்.

பழைய மாணவன்:
நானும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறேன். மழைக்காலத்தில் வந்து பாருங்கள் தம்பி, கணுக்கால் அளவு தண்ணீர், வெள்ளைச் சப்பாத்தெல்லாம் சேறு. 1978 நவம்பர்ச் சூறாவளியில் மரங்கள் விழுந்து எத்தனை கூரை போனதென்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். நாளைக்கு ஒரு கிளை முறிந்து பிள்ளையின் தலையில் விழுந்தால் அதிபர்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

வாவிக்கரையான்:
கல் போட்டால் வெள்ளம் எங்கே போகும்? மணல் குடிக்கிற தண்ணீர் இனி வகுப்பறைப் படிக்கு வரும்.

பழைய மாணவன்:
கல்லுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதே.

வாவிக்கரையான்:
அடியில் மண்ணை இடித்து இறுக்கிவிட்டுத்தானே பதிக்கிறார்கள் அண்ணன். கட்டுமழைக்கு அந்த இடைவெளி காணாது.

கல்முனை டீச்சர்:
ஓய்வு பெற்ற ஆள், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'பாடசாலையில் மரம் வைத்தால் பிழைக்காது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது வைக்கிறோம்? ஜூன் 5, சுற்றாடல் தினம். தென்மேற்கில் அப்போது மழை. அந்தக் காற்று மலைநாட்டில் ஈரத்தை இறக்கிவிட்டுக் காய்ந்து சூடாகி எங்களிடம் வந்து சேரும், அதுதான் கச்சான். அதற்கு நடுவில் ஒரு சாண் கன்றை மணலில் நட்டுப் படம் எடுக்கிறோம். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வந்தால் குச்சிதான் நிற்கும். எங்கள் மழையில் பாதிக்கு மேல் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைதான் பெய்கிறது. ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் நட்டால் டிசம்பர் விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளே தேவையில்லை. அடுத்த கச்சானுக்குள் வேர் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். கடற்கரை மணலுக்குப் பூவரசு, புன்னை, வேம்பு போதும். பூ மரம் வேண்டுமென்று நாற்றுமேடையில் கண்டதையெல்லாம் வாங்க வேண்டாம். கூரைக்கு மட்டும் கிட்ட வைக்காதீர்கள்.

பழைய மாணவன்:
நல்ல யோசனை டீச்சர். ஆனால் கன்றுக்குக் காசு தருகிறவர் படத்தை ஜூனில்தான் கேட்பார். ஒக்டோபர் என்றால் மூன்றாம் தவணைப் பரீட்சை வேலை, தெருவில் மாடு வேறு. கூடு கட்டாத கன்றை மாடு ஒரே நாளில் முடித்துவிடும். அப்புறம், டெங்கு? இலை குவிந்தால் நுளம்புதானே.

கல்முனை டீச்சர்:
டெங்கு நுளம்புக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும் தம்பி. மரத்தடி மணலில் அது தேங்காது. இலை அடைத்த கூரைப் பீலி, யோகட் கோப்பை, பழைய டயர், இவைதான் இடம். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் காணும். மழை கொட்டுகிற டிசம்பரில் பாடசாலையைப் பூட்டிவிட்டுப் போகிறோம், பீலியை ஒருவரும் பார்ப்பதில்லை. ஜனவரியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பழி வேம்புக்கு.

காத்தான்குடி உம்மா:
காக்காமார் கல், மரம் என்று நிற்கிறீர்கள். தரம் 4 படிக்கிற என் மகள் கொண்டு போகிற தண்ணீர்ப் போத்தலை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறாள். கேட்டால், குடித்தால் மலசலகூடம் போக வேண்டுமாம், அங்கே போக முடியாதாம். இந்த வெயிலில் காலை ஏழரையிலிருந்து ஒன்றரை மணி வரை தண்ணீர் இல்லாமல் ஒரு பிள்ளை. இதற்கு எந்தச் சங்கம் பணம் சேர்க்கிறது?

பழைய மாணவன்:
அது வலயக் கல்வி அலுவலகத்தின் வேலை தங்கச்சி.

காத்தான்குடி உம்மா:
அப்போ முற்றம் மட்டும் உங்கள் வேலையா?

வாவிக்கரையான்:
சரியான கேள்வி. வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒரு நடைபாதைக்கு மட்டும் கல் போட்டால் சேறும் தீரும், மிச்சக் காசு மலசலகூடத்துக்கும் வரும்.

பழைய மாணவன்:
பணம் தந்த வெளிநாட்டுக்காரருக்கு முற்றம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். வேம்பு இரண்டையும் விட்டுச் சுற்றிக் கல் பதிக்கலாம், கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன். பூவரசு கூரைமேல் சாய்ந்து நிற்கிறது, அதை விட மாட்டேன்.

வாவிக்கரையான்:
கிளையைத் தறியுங்கள், அடியை விடுங்கள். பூவரசு வெட்ட வெட்டத் தழைக்கும். வேம்பின் அடியிலும் சீமெந்தை நெருக்க வேண்டாம், நாலைந்து அடியாவது மண் விடச் சொல்லுங்கள்.

பழைய மாணவன்:
ஞாயிறு கூட்டத்துக்கு வந்து நீங்களே சொல்லுங்கள். இங்கே எழுதினால் பொருளாளர் வாசிக்க மாட்டார்.

காத்தான்குடி உம்மா:
நானும் வருகிறேன். பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இல்லை, அதை நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகப் போடுங்கள்.