தாய்வீடு குழு: ஃபோல்டர் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

சனிக்கிழமை

பெரிய மாமா: எல்லோருக்கும் வணக்கம். கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றியதிலிருந்து ஃபோல்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. நடுவில் ‘வொர்க்கிங் ஆன் இட்’ என்று வந்து அப்படியே நிற்கிறது. யாருக்காவது விவரம் தெரியுமா?

சின்ன மாமா: அண்ணா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஸ்கேன் எல்லாம் அதில்தானே இருக்கிறது? திங்கட்கிழமை பேங்க்கில் கொடுக்க வேண்டும்.

பெரிய மாமா: அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பாடு.

சின்ன மாமா: பேசாமல் ஃபார்மட் அடித்துவிடுங்கள். எங்கள் தெருக் கடையில் அரை நாளில் செய்து கொடுப்பார்கள்.

சித்தி: ஒரு கிளீனர் சாஃப்ட்வேர் இருக்கிறதாம், ஒரே கிளிக்கில் வேகமாகிவிடுமாம். வீடியோ வந்தது, அனுப்பவா?

நான்: பெரிய மாமா, ஃபார்மட் வேண்டவே வேண்டாம். பத்திர ஸ்கேன் இருக்கும் கணினியில் அதுதான் கடைசி வழி. சித்தி, கிளீனரும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடத்தில் கை வைத்து, நன்றாக இருப்பதையும் கெடுத்துவிட்டுப் போகும்.

நான்: மாமா, வேர்டு, குரோம் எல்லாம் எப்படி ஓடுகின்றன? எல்லா ஃபோல்டரும் இப்படித்தானா?

பெரிய மாமா: வேர்டும் குரோமும் நன்றாகவே ஓடுகின்றன. கீழே இருக்கும் மஞ்சள் ஃபோல்டர் படத்தை அழுத்தினால்தான் தொல்லை. உள்ளே போய்விட்டால் பரவாயில்லை. ஆனால் ‘ஸ்கேன்’ ஃபோல்டர் மட்டும் எப்போது திறந்தாலும் இழுக்கிறது.

அண்ணன்: ரேம் எவ்வளவு மாமா? 4 ஜிபி என்றால் 11 திணறும்.

பெரிய மாமா: 8 என்று பில்லில் இருக்கிறது மாப்பிள்ளை.

நான்: அண்ணா, ரேம் பற்றாவிட்டால் முதலில் குரோம்தான் மூச்சு வாங்கும். மாமா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதை ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு மஞ்சள் படத்தை அழுத்துங்கள். அது நிற்கும் நேரத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் நேரே என்ன சதவீதம் என்று சொல்லுங்கள்.

பெரிய மாமா: சிபியு 3. மெமரி 50-ஐ ஒட்டி. டிஸ்க் 0, 1 என்று மாறுகிறது.

நான்: நல்லது மாமா, இது பெரிய தடயம். அப்கிரேடு முடிந்த கையோடு தேடலுக்கான இண்டெக்ஸை விண்டோஸ் புதிதாகக் கட்டும், ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் ஒரு முறை படிக்கும். அதுதான் காரணம் என்றால் டிஸ்க் 80, 90 என்று ஏறி நிற்கும். ஹார்டு டிஸ்க் கெடத் தொடங்கியிருந்தாலும் பெரும்பாலும் 100-ஐத் தொடும். உங்கள் கணினியில் எதுவும் ஓடவில்லை. அது எதற்காகவோ காத்திருக்கிறது.

சின்ன மாமா: எதற்கு?

நான்: பார்த்துவிடலாம். பெரிய மாமா, வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை திறந்து பாருங்கள்.

பெரிய மாமா: அட! தொட்டதும் திறக்கிறது.

பெரிய மாமா: மறுபடி வைஃபை போட்டேன். மறுபடி நிற்கிறது.

அண்ணன்: இதற்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நான்: இன்டர்நெட் இல்லை அண்ணா, வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க். மாமா, ‘திஸ் பிசி’ என்ற இடத்தில் சி, டி தவிர வேறு டிரைவ் தெரிகிறதா? சிவப்புப் பெருக்கல் குறி போட்டிருக்கலாம்.

பெரிய மாமா: ஆமாம், இசட் என்று ஒன்று இருக்கிறது, சிவப்புக் குறியோடு. அது பழைய கணினியின் ஃபோல்டர். ஹாலில் இருந்தபடியே அதைத் திறக்கத் தம்பி போட்டுக் கொடுத்தது.

நான்: பழைய கணினி இப்போது எங்கே?

அத்தை: பரணில். புதியதை 11-க்கு மாற்றிய அன்றே பழையதைத் துணி சுற்றி மேலே ஏற்றியாயிற்று.

பெரிய மாமா: அதில் 11 ஏறவில்லை. ஆறாம் தலைமுறை பிராசஸர், எட்டிலிருந்துதான் எடுக்கும் என்று கடையில் சொன்னார்கள். 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதே என்று ஓய்வு கொடுத்துவிட்டோம்.

நான்: அப்படியானால் புரிந்துவிட்டது மாமா. மஞ்சள் படத்தை அழுத்தியதும் வரும் ‘ஹோம்’ பக்கத்தில், எப்போதும் கண்ணில் படும்படி பின் பண்ணிய ஃபோல்டர்கள், அண்மையில் திறந்த ஃபைல்கள் எல்லாவற்றையும் கணினி திரட்டிக் காட்டப் பார்க்கும். அவற்றில் சில இசட் டிரைவில், அதாவது பரணில் இருக்கும் கணினியில் இருக்கின்றன. காலி செய்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது போல, பதில் வரும் என்று அது நிற்கிறது. குறிப்பிட்ட நேரம் கடந்த பிறகுதான் கைவிடும். வைஃபை இல்லாதபோது போக வழியே இல்லை என்று உடனே தெரிந்துவிடுவதால் காத்திருக்காமல் திறந்துவிடுகிறது.

சித்தி: அப்போது தப்பு 11-இல் இல்லையா?

நான்: இல்லை சித்தி. பழைய கணினி அணைந்ததும் 11 வந்ததும் ஒரே நாள். அதனால் பழி அதன் மேல் விழுந்தது.

நான்: மாமா, இசட் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். உடனே கண்ணில் படாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கும்.

பெரிய மாமா: கொடுத்தால் அதில் இருப்பது அழிந்துவிடாதே?

நான்: அழியாது மாமா. இந்தக் கணினியில் இருக்கும் இணைப்பு மட்டும்தான் போகும். ஃபைல்கள் பழைய கணினியின் டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

பெரிய மாமா: சரி, போய்விட்டது.

நான்: இடது பக்கம் பின் பண்ணியிருக்கும் ஃபோல்டர்களில் பழைய கணினியுடையது எதுவோ, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘அன்பின்’. அப்புறம் மேலே மூன்று புள்ளி, ‘ஆப்ஷன்ஸ்’. அந்தச் சின்ன ஜன்னலில் கீழே ‘கிளியர்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அண்மையில் திறந்தவற்றின் பட்டியல்தான் அதில் அழியும், ஃபைல்கள் அல்ல. அதே ஜன்னலில் முதல் வரியில் ‘ஹோம்’ என்பதை ‘திஸ் பிசி’ என்று மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

பெரிய மாமா: எல்லாம் செய்து, வைஃபை போட்டபடியே திறந்தேன். உடனே வருகிறது மருமகளே! ரொம்ப நன்றி.

பெரிய மாமா: 📎 தாய்ப்பத்திரம்.பிடிஎஃப்

பெரிய மாமா: 📎 வில்லங்கச் சான்று.பிடிஎஃப்

சின்ன மாமா: வந்துவிட்டது அண்ணா. நல்ல வேளை, ஃபார்மட் அடிக்கவில்லை.

நான்: ‘ஸ்கேன்’ ஃபோல்டர் இப்போது எப்படி?

பெரிய மாமா: அது மட்டும் பழையபடிதான். படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

நான்: அதில் எத்தனை ஃபைல் இருக்கும்?

பெரிய மாமா: நாலாயிரத்துக்கு மேல். பட்டா, வரி ரசீது, கல்யாணப் போட்டோ, எல்லாம் ஒன்றாகவே கிடக்கின்றன.

நான்: அதுதான். ஒரு ஃபோல்டரில் படங்கள் நிறைய இருந்தால் விண்டோஸ் அதைப் படத் தொகுப்பு என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, எப்போது எடுத்த படம் என்றெல்லாம் படிக்கப் போகும். அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கஸ்டமைஸ்’. அங்கே ‘பிக்சர்ஸ்’ என்று இருப்பதை ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ ஆக்குங்கள். உள் ஃபோல்டர்களுக்கும் என்று கீழே ஒரு கட்டம் இருக்கும், அதிலும் டிக். பிறகு உள்ளே போய் ‘வியூ’வில் ‘டீடெயில்ஸ்’. பெயரும் தேதியும் மட்டும் வரிசையாக வரும்.

பெரிய மாமா: வருகிறது. பெயரைப் பார்த்தே எடுத்துவிடலாம், படம் தேவையில்லை.

நான்: முடிந்தால் ஆண்டுவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் பிரித்துவிடுங்கள் மாமா. வேகத்துக்கு மட்டுமல்ல, நாளைக்கு வேறு யாராவது தேடினாலும் கைக்குக் கிடைக்கும்.

அண்ணன்: பாப்பா, எங்கள் பிரஸ் கணினியிலும் இதே கதைதான். வைஃபை அணைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. ஃபோல்டர் உடனே திறக்கிறது, ரைட் கிளிக் செய்தால்தான் வட்டம் சுற்றுகிறது.

நான்: அது வேறு அண்ணா. நாம் போடும் ஜிப், பிடிஎஃப், ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர்கள் ரைட் கிளிக் பட்டியலில் தங்களுக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். பழைய பதிப்பாக இருந்தால் 11-இல் அவை சிக்கிக்கொள்வதுண்டு. சேஃப் மோடில், அதாவது அவசியமானவை மட்டும் ஓடும் நிலையில் போட்டுப் பாருங்கள், அங்கே வேகமாக இருந்தால் சந்தேகம் அவற்றின் மேல்தான். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, புதிய பதிப்பைப் போடுங்கள்.

சித்தி: எங்கள் வீட்டில் இன்னும் 10 தான். மாற்றலாமா?

நான்: கணினி தகுதியானது என்றால் மாற்றுங்கள் சித்தி, அதில்தானே பேங்க் வேலையும் செய்கிறீர்கள். பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’யில் போய்ப் பழையதற்கே திரும்பலாம். 11-க்கு மாற்றும் முன்னால் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

நான்: பெரிய மாமா, முக்கியமான ஒன்று கேட்க வேண்டும். பழைய கணினியில் இருந்ததை முழுக்க இதற்கு மாற்றியாயிற்றா?

பெரிய மாமா: பத்திரமெல்லாம் மாற்றிவிட்டேன். கிரகப்பிரவேசப் போட்டோ, அப்பாவின் சஷ்டியப்தபூர்த்தி வீடியோ இரண்டும் அதில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

அம்மா: ஐயோ, அப்பா பேசுகிற வீடியோ அது ஒன்றுதான் இருக்கிறது. பரணில் சூடு அடிக்குமே!

நான்: சீக்கிரம் இறக்கிவிடுவோம். மானிட்டரில் மாட்டி, இன்டர்நெட் கொடுக்காமல், ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்தால் போதும்.

அண்ணன்: மானிட்டர் ஒன்றுதானே இருக்கிறது, கழற்றி மாட்ட வேண்டாம். பழைய டிஸ்க்கையே வெளியே எடுத்து யுஎஸ்பியில் மாட்டும் வயர் என்னிடம் இருக்கிறது. நாளை காலை ராஜபாளையம் வருகிறேன்.

நான்: அது இன்னும் நல்ல வழி அண்ணா. காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சில வீடியோவை ஓட்டியும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகும் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அண்ணன்: சரி பாப்பா. அத்தை, பரண் ஏணி இருக்கிறதா, நான் கொண்டு வரவா?

அத்தை: இருக்கிறது. நீ வந்து இறக்கு, மாமாவை ஏற விடாதே.