கடல் தடுப்புச் சுவர் யாரை முதலில் காக்க வேண்டும்?

கேள்வி: செலவையும் பயனையும் ஒப்பிடும் கணக்கை மட்டும் நம்பினால், நிலமதிப்பு மிகுந்த கரைகளுக்கே சுவர் எழும்பும், பட்டா இல்லாதவர்களின் குடிசைகள் இழப்புப் பட்டியலில்கூட இடம்பெறா. இது அறமாகுமா?

பதில் 1: ஆகாது. காலநிலை மாற்றம் குறித்த 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவே, எளிதில் பாதிக்கப்படும் மக்களைக் கருத்தில் கொண்டு, பங்கேற்புடனும் முழு வெளிப்படைத்தன்மையுடனும் தகவமைப்பு (மாறும் காலநிலைக்கு ஏற்பத் தற்காத்துக்கொள்ளும் பணி) நடைபெற வேண்டும் என்கிறது. ஒருவரின் சொத்து மதிப்பு குறைவு என்பதால் அவர் இழப்பும் சிறிது என்று கொள்வது, பழைய அநீதியைப் புதிய கணக்காக எழுதுவதே.

பதில் 2: எல்லாக் கரைக்கும் சுவர் கட்ட இயலாது. பசிபிக் தீவு நாடான ஃபிஜியில், கடல்நீர் புகுந்துவந்த வுனிடோகோலோவா கிராமத்தினர் தாங்களே அரசிடம் கோரி, 2014இல் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். முடிவு அவர்களுடையதாக இருந்ததே முக்கியம்.

கேள்வி கேட்டவர்: ஏற்கிறேன். ஆயினும், வெள்ளம் வாசலுக்கு வந்த பின் பெறும் சம்மதத்தை முழுமையான சம்மதமாக என்னால் கருத முடியவில்லை. மாற்று வழிகள் கைவசம் இருக்கும்போதே கேட்க வேண்டும்.