புதுப்பிப்பு: கைகர் கவுண்டர் தாறுமாறாக எண்ணிய பிரச்சினை தீர்ந்தது

கதிர்வீச்சு தரும் பொருள் எதையும் பக்கத்தில் வைக்காமலே, கதிர்வீச்சை எண்ணும் கருவியான எங்கள் கல்லூரி ஆய்வகக் கைகர் கவுண்டர் நிமிடத்துக்கு 200, 300 என்று எண்ணுகிறது எனப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கேபிள் இணைப்பில் ஈரம் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. நாகர்கோவில் மழைக்கு அது நடக்கக்கூடியதுதான். கருவியை அணைத்துச் சிறிது நேரம் விட்டு, கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு ஓர் இரவு மூடி வைத்தேன். எண்ணிக்கை 60க்கு இறங்கியது. கருவியில் கதிர்வீச்சை உணரும் குழாயின் மைக்கா சன்னலை (கதிர் உள்ளே நுழையும் தகடு) மட்டும் துடைக்கப் போகாதீர்கள். மிக மெல்லியது, கிழிந்தால் குழாயே போச்சு.

அப்புறம்தான் எதிர்பாராத விஷயம். 60 கூட அதிகமாயிற்றே என்று தேடினால், பக்கத்து அலமாரியில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் ஒரு பாட்டில்! அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிர்வீச்சு தரும் தோரியம். பாட்டிலை வேறு அறைக்கு மாற்றியதும் 28.

பின்னணி அளவு (சோதனைப் பொருள் வைக்காதபோதும் கருவி காட்டும் எண்ணிக்கை) எடுக்குமுன் அறையைச் சுற்றிப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. புதுக் குழாய் வாங்கவில்லை.