மறு: பச்சை நாவாய்ப்பூச்சி தண்டு வழியே பேசுவதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு,

நம் பாடத்தின் அட்டவணையில், பச்சை நாவாய்ப்பூச்சி (செடிச்சாற்றை உறிஞ்சும் பூச்சி) தண்டு வழியே அனுப்பும் அதிர்வுக்கு என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு வந்த ஒரு யோசனை:

> வௌவால், நாவாய்ப்பூச்சி இரண்டின் ஒலியும் நம் காதுக்குக் கேட்காது. அட்டவணையில் ‘மீயொலி’ என்று போட்டு முடிக்கலாமே. வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகவேண்டும்.

அவசரம் புரிகிறது. ஆனால் அப்படிப் போட்டால் பாடமே பிழையாகிவிடும். பிப்பிஸ்ட்ரெல் வௌவால் எழுப்புவது மீயொலிதான், அதாவது நம் செவியின் எல்லையைத் தாண்டிய உயர் அதிர்வெண் ஒலி, சுமார் 45 கிலோஹெர்ட்ஸ். நாவாய்ப்பூச்சியின் அதிர்வோ ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். நம் செவிக்கு எட்டக்கூடிய அளவுதான். நமக்குக் கேட்காததற்குக் காரணம், அது காற்றில் போகாமல் செடிக்குள் போவது. பூச்சி வயிற்றை அதிரவைக்கிறது, அதிர்வு கால்வழியே தண்டில் இறங்குகிறது, அடுத்த பூச்சி அதைக் காலாலேயே உணர்கிறது. வௌவால் தன் குரலின் எதிரொலிக்குத் தானே காதுகொடுக்கிறது. நாவாய்ப்பூச்சியிலோ பெண் அழைக்கிறது, ஆண் பதில் சொல்லிக்கொண்டே கிளை கிளையாகத் தேடி வருகிறது. எனவே சொல் ஊடகத்தைக் காட்டவேண்டும்.

உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் வகுக்கும் தொல்காப்பிய மரபியல், தும்பியை நான்கறிவில் நிறுத்திவிட்டு, செவியை ஐந்தாம் அறிவாக வைக்கிறது. முதல் அறிவு உற்றறிவு, அதாவது தொடுகை. காலால் கேட்கும் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் ஏது? ‘சுவைஒளி ஊறுஓசை’ என்ற குறளிலும் ஊறு தொடுகைதான். ஊறு + ஒலி = ஊற்றொலி, இதுவே என் பரிந்துரை. ஊற்றின்பம் போல றகரம் இரட்டிக்கும். நன்னூல் விதி எல்லோருக்கும் தெரிந்ததே.

> ஊறு என்றால் மாணவருக்குக் காயம். ஊற்று என்றால் நீரூற்று. ‘தண்டதிர்வு’ யாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் சிலந்தி வலையின் அதிர்வை உணர்கிறது, தேனீ அடையை அதிரவைக்கிறது. வலையதிர்வு, அடையதிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் செய்துகொண்டே போவோமா? முதல் நாள் புரிகிறது என்பதற்காகக் குறுகலான சொல்லைக் கொடுத்தால், அடுத்த வகுப்பிலேயே அது உதவாமல் போகும். ஊறு என்ற சொல்லின் பழைய பொருளைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு ஒரு வரி போதும்.

பெரும்பாலோர் ‘அதிர்வுச் சைகை’ பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். அச்சுக்கு அதையே அனுப்புங்கள், தடுக்கமாட்டேன். ‘தளவழி அதிர்வுச் சைகை’ என்றாவது போடுங்கள். கடத்தும் பொருள் அதில் தெரியும். அப்புறம், வௌவால் பத்தியில் ‘எதிரொலி இடமறிதல்’ அப்படியே இருக்கட்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை.

ஊற்றொலியை நான் விடுவதாக இல்லை. சிலந்திப் பாடம் வரும்போது மறுபடி கொண்டுவருவேன்.