2026 கார் விதிகள்: ஓட்டுவது ஆளா, பேட்டரியா?

தேக்கா குமரன்
அக்டோபரில் நம் சிங்கப்பூர் மரினா பே பந்தயத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். இந்த வருட ஃபார்முலா 1 விதிகளைப் பார்த்தால் ஆசையே விட்டுப்போகிறது. மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறிவிட்டது. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று நேர்பாதை முடியும் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார்கள். இதுவா பந்தயம்?

2008-இல், சக்கரம் வழுக்காமல் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தடை செய்தார்கள். நம் ஊரில் முதல் இரவுப் பந்தயமும் அதே வருடம்தான். ஆண்டர்சன் பாலத்துப் பக்கம் நின்று பார்த்தேன். வளைவில் திரும்பி மிதித்ததும் காரின் பின்பக்கம் வாலாட்டும். ஸ்டியரிங்கைச் சட்டென்று எதிர்ப்பக்கம் ஒடித்து அடக்குவார்கள். அதுதான் ஓட்டுவது.

ஈசூன் மீனா
அண்ணே, திறமை எங்கேயும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2023-இல் இங்கே நடந்ததை மறந்துவிட்டீர்களா? முன்னால் ஃபெராரியில் சைன்ஸ், அடுத்து மெக்லாரனில் நோரிஸ், அவர்களைத் துரத்திக்கொண்டு புது டயரோடு இரண்டு மெர்சிடிஸ். சைன்ஸ் தப்பித்து ஓடவில்லை. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நோரிஸை ஒரு வினாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் இருந்தால் நோரிஸுக்கு டிஆர்எஸ் கிடைக்கும், அதாவது பின்னிறக்கை திறந்து காற்றுத்தடை குறையும், வேகம் கூடும், மெர்சிடிஸால் அவரைத் தாண்ட முடியாது. பின்னால் வருபவருக்குக் கைகொடுத்தே ஜெயித்தார்! டிஆர்எஸ் என்ற விதியே இல்லாவிட்டால் அந்த மூளைக்கு அங்கே என்ன வேலை?

தேக்கா குமரன்
சரி, அதே 2023-க்கே வருகிறேன். ரெட் புல் அந்த வருடம் 22 பந்தயங்களில் 21-ஐ ஜெயித்தது. தோற்றது இங்கே மட்டும். காற்றில் வளையும் இறக்கைகளுக்கு, விதி போடும் எஃப்ஐஏ அமைப்பு கிடுக்கிப்பிடி போட்ட உத்தரவு அமலுக்கு வந்ததும் அதே வாரம். ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் தகுதிச்சுற்றில் 11-ஆவது! ஒரு காகிதம் வந்ததும் காணாமல் போகிறது என்றால் அது யாருடைய திறமை?

ஈசூன் மீனா
அடுத்த வாரமே ஜப்பானில் சுசூகாவில் 19 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தாரே! உத்தரவு அங்கேயும் இருந்தது. நம் சாலையின் மேடுபள்ளத்துக்கு அந்தக் கார் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பட்டறை மாமா
இருபது வருடமாக டீசல் எஞ்சினோடு கிடப்பவன், நடுவில் நுழைகிறேன்.

குமரன் தம்பி, 1993-இல் இங்கிலாந்தின் டோனிங்டன் மழையில் பிரேசில் ஓட்டுநர் செனா ஐந்தாவது இடத்திலிருந்து முதல் சுற்றுக்குள் முன்னுக்கு வந்ததைத்தான் எல்லாரும் திறமைக்கு உதாரணம் சொல்வார்கள். அவர் ஓட்டிய மெக்லாரனில், மேடுபள்ளத்துக்கேற்ப காரைத் தானே சமன்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷனும் இருந்தது, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இருந்தது. இரண்டுக்கும் தடை வந்தது அடுத்த வருடம்.

ஓட்டுநரைத் தனியாக விட்டும் பார்த்தாயிற்று. ரேடியோவில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற கெடுபிடி 2014-இல் நம் ஊர்ப் பந்தயத்தில்தான் தொடங்கியது. 2016-இல் அஜர்பைஜானின் பாக்குவில் மெர்சிடிஸ் ஓட்டிய ஹாமில்டனின் எஞ்சின் அமைப்பில் ஏதோ கோளாறு. எதைத் திருக வேண்டும் என்று அணி வாய்திறக்க முடியாது. மனிதர் சாலையைப் பார்ப்பதா, ஸ்டியரிங் பொத்தான்களைப் பார்ப்பதா என்று திண்டாடினார். அடுத்த மாதமே ஜெர்மனியில் அந்தத் தடையைத் தளர்த்திவிட்டார்கள்.

என் ஆதங்கம் வேறு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2012-இல் இங்கே எச்ஆர்டி காரில் ஓட்டினார். மூன்று வருடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காத அணி அது. அந்தக் காரை வைத்து அவர் கெட்டிக்காரரா இல்லையா என்று யார் சொல்ல முடியும்? பணம் இருக்கும் அணிதான் நல்ல கார் கட்டும்; அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்ததே 2021-இல்தான். நீங்கள் இரண்டு பேரும் இறக்கையையும் பேட்டரியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

தேக்கா குமரன்
நரேன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை மாமா. செனாவும் சரி. ஆனால் பேட்டரிக் கணக்குப் போடுவதை ஓட்டுவது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருடம் வெப்ப எச்சரிக்கை வேறு விட்டு, குளிர்ந்த திரவம் ஓடும் சட்டையும் தந்தார்கள். வியர்த்தே இரண்டு மூன்று கிலோ குறைந்து இறங்குவதுதானே சிங்கப்பூர்ப் பந்தயம்?

பட்டறை மாமா
வியர்ப்பது திறமை என்றால் எங்கள் பட்டறையில் ஏழு பேர் உலகச் சாம்பியன், தம்பி.

ஈசூன் மீனா
😂 அண்ணே, டிக்கெட் என்னாச்சு? இங்கே முதல் தடவையாக ஸ்பிரிண்ட் என்ற குட்டிப் பந்தயமும் வைக்கிறார்கள்.

தேக்கா குமரன்
ஆண்டர்சன் பாலத்துப் பக்கம் இடம் இருந்தால் பார்க்கிறேன்.